டவுன் எங்கால?

இரவு மெயிலில் வந்து இறங்கினேன்.
கையில் ஸ்பனர் பெட்டி, இரண்டு டோனர்,
கம்பனி தந்த தாளில் ஏழு விலாசம்.
ஏழிலும் கடைசி வரி மட்டக்களப்பு.
ஒரே ஊர்தானே,
பகல் சாப்பாட்டுக்குள் ஏழு போட்டோகொப்பி மெசினையும்
பார்த்து முடிக்கலாம் என்று நினைத்தவன்
ஹட்டன்காரன்.

எங்கள் பக்கம் ஊருக்கு முதுகெலும்பு உண்டு.
ஏறினால் மேற்கணக்கு, இறங்கினால் கீழ்க்கணக்கு,
பாதை மறந்தால் முழங்கால் சொல்லும்.
இங்கே முழங்காலுக்கு வேலையில்லை.
எந்த வீதியில் நடந்தாலும் கொஞ்ச நேரத்தில்
அது தண்ணீரில் போய்க் கால் நனைக்கிறது.

ஸ்டேஷன் வாசலில் தவநேசனின் ஓட்டோ.
"டவுனுக்கு" என்றேன்.
"நீங்க நிக்கிறதே டவுனுக்குள்ளதான்" என்று
கோட்டைமுனைப் பக்கம் கையைக் காட்டிச் சிரித்தார்.
பாலம் கடந்தால் புளியந்தீவு.
பாமசிக்காரம்மா இதை ஒத்துக்கொள்ளவில்லை.
"அங்கால கடை மட்டும்தான் தம்பி.
பஸ் ஸ்டாண்ட் இஞ்ச, பழைய பள்ளிக்கூடம் இஞ்ச,
கோட்டையும் இஞ்சதான் கிடக்கு.
கோட்டை இல்லாத பக்கத்துக்குத்தான்
கோட்டைமுனை எண்டு பேர்."

அடுத்த விலாசத்துக்கு வழியும் அவரே சொன்னார்:
"பாலத்தால இறங்கி, மறுகா வலப்பக்கம் கிறுகுங்க."
கிறுகுவது என்றால் என்னவென்று கேட்க வெட்கம்.
நேரே போனேன்.
அரை மைல் தாண்டி யாரோ கைதட்டிக் கூப்பிட்டுத்
திருப்பி விட்டபோது
விளங்கியது.

கல்லடிப் பாலம் தாண்டி, நாவற்குடா தாண்டி,
வீதி நடுவில் பேரீச்சை நிற்கும் காத்தான்குடியில்
மஃறூப் காக்காவின் கடை.
மெசினுக்குள் பல்லி ஒன்று செத்துக் காய்ந்திருந்தது.
"டவுனுக்கு அடிக்கடி போவீங்களா?"
"டவுனுக்கு வந்தபடியாத்தானே
நீங்க என்னைக் கண்டீங்க" என்றார்,
கோபமில்லாமல்,
எனக்கான பிளேன்டீக்குச் சீனி கலக்கிக்கொண்டே.

ஆறாவது, வாவிக்கு மேற்கே,
வவுணதீவில் ஒரு பள்ளிக்கூடம்.
கந்தோரில் வதனரூபி என் தாளைப் பார்த்தாள்,
பிறகு என்னைப் பார்த்தாள்.
தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் கீறித் தந்தாள்:
தீவு, முனை, குடா, குடி, இடையிடையே பாலங்கள்.
"இதில டவுன் எது?"
"எங்களுக்கு அக்கரை எல்லாமே டவுன்தான்."

மெசினைச் சோதிக்க அதையே வைத்து ஒரு பிரதி எடுத்தேன்.
நடுவாலே கறுப்புப் பட்டை,
அச்சொட்டாக வாவி ஓடும் இடத்தில்.
டிரம்மைத் துடைத்தேன்.
இரண்டாவது பிரதி சுத்தம்.
ஆனால் தண்ணீர் இல்லாத தாளில்
பாலங்கள் எதற்கென்று தெரியவில்லை.
சுத்தமானதை அவளிடம் கொடுத்துவிட்டு
அழுக்கானதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

திரும்பும்போது வலையிறவுப் பாலத்தில்
மாடுகளுக்காக பஸ் நின்றது.
முதுகில் வெயில்.
பொழுது படுகிற பக்கம் படுவான்கரை,
எழுகிற பக்கம் எழுவான்கரை.
இப்படிப் பேர் வைத்தவன் எந்தக் கரையில் நின்றிருப்பான்?
கிழக்கே நின்றிருந்தால்
பொழுது அவனுக்குக் கடலில் அல்லவா எழுந்திருக்கும்?
மேற்கே நின்றிருந்தால்
வயலுக்கும் அங்கால், காட்டுக்குள் போய்ப் பட்டிருக்கும்.
இரண்டு பேரும் சரியாக வர
ஒரு இடம்தான் இருக்கிறது.

கீழே அந்த இடத்தில்
ஒருவர் தோணியை நிறுத்தி
வீச்சுவலையை உதறிக்கொண்டிருந்தார்.
பஸ்ஸை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

மிச்சம் ஒரு விலாசம், ஏறாவூர்.
"அதுவும் டவுனுக்குள்ளயா?" என்று கேட்டேன்.
கண்டக்டர் சில்லறையை எண்ணி முடித்து,
என் பெட்டியைக் காலால் கொஞ்சம் ஓரமாக்கி,
"அது வேற டவுன்" என்றார்.